பன்னிரண்டு முரடர்கள்

ரொட்டி வெட்டுகிற கத்தி. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் இன்னொரு பையனைத் துரத்துகிறான். பிடித்துவிட்டான். கழுத்தில் வைத்தும் விட்டான். பக்கத்திலேயே விடுதிப் பொறுப்பாளர். பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்.

இடம், ஆஸ்திரியாவில் ஓபர்ஹோலாப்ரூன். முதல் உலகப்போர் முடிந்த 1918ல், போர் அகதிகள் இருந்த கொட்டகைகளில் சிறுவர் இல்லம் ஒன்று தொடங்கியது. பொறுப்பாளர் ஆகஸ்ட் ஐக்ஹார்ன். வியன்னாக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், வயது நாற்பது. பையன்களைக் குணம் பார்த்துக் குழு குழுவாகப் பிரித்ததில், எதிலும் ஒட்டாமல் பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். அடிதடி கோஷ்டி. விசாரித்தால், ஒருத்தன் பாக்கியில்லாமல் வீட்டில் அன்பையே காணாதவர்கள். உதை மட்டும் தாராளமாக வாங்கியவர்கள்.

இன்னும் உதைத்தால் புதிதாக என்ன கற்றுக்கொண்டுவிடப் போகிறான்? அடி கிடையாது, தண்டனை கிடையாது என்று முடிவு செய்தார் ஐக்ஹார்ன். நிறைய விளையாட்டு. எதற்கும் கோபப்படாத பெரியவர்கள். யாருக்கும் காயம் படாமல் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

கெட்டது குடி. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. கதவுகள் உதைபட்டன. சாப்பாட்டு மேஜையைச் சீண்ட ஆளில்லை. ஆளுக்கொரு மூலையில் தட்டோடு தரையில் குந்திக்கொண்டார்கள். கூச்சல் வெகுதூரம் கேட்டது. (பி.காம். படித்த புத்தி, கண்ணாடி பில்லை யார் கட்டினார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.)

வாத்தியார் கணக்கு வேறு. அடிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் பையன் எகிறுகிறான். அடி வரவில்லை. இன்னும் எகிறுகிறான். அப்போதும் வரவில்லை. ஒரு கட்டத்தில் தன் ஆட்டம் பாதி நாடகம் என்று அவனுக்கே தெரிந்துவிடும். கத்திப் பையனுக்கும் அதுதான் நடந்தது. மனுஷர் பதறவில்லை என்று கண்டதும் கத்தியை விட்டெறிந்தான். தரையை மிதித்து ஊளையிட்டான். பிறகு அழ ஆரம்பித்து, அழுது களைத்துத் தூங்கியே போனான். நானாக இருந்தால் முதல் விநாடியே பாய்ந்திருப்பேன். மற்றவர்களும் இப்படி வெடித்து அழுதார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ரகளை அடங்கியிருந்தது. பாதி இடிந்த கொட்டகையிலேயே பரிசு கொடுத்துக் கொண்டாடிவிட்டு, புது இடத்துக்குக் குடிபோனார்கள்.

1925ல் இதையெல்லாம் ஐக்ஹார்ன் புத்தகமாக்கினார். முன்னுரை, சாட்சாத் சிக்மண்ட் ஃப்ராய்ட்.

அதற்காக, முரடர்களை ஒன்றாகப் போட்டாலே திருந்திவிடுவார்கள் என்று நினைத்தால் ஆபத்து. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் 1939ல் நூற்றுக்கணக்கான பையன்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆலோசனை, படிப்பு உதவி, கோடை முகாம் என்று வருஷக்கணக்கில் செய்தார்கள். பல வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்கிற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்தார். உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. சில விஷயங்களில் படுமோசம். அதிலும் முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் போனவர்கள். 1999ல் அவரும் வேறு இருவரும் எழுதிய கட்டுரை காரணம் சொன்னது: ஒருத்தன் தன் வீரப்பிரதாபத்தை எடுத்துவிட, மற்றவன் ரசித்துச் சிரிக்க, அதுவே பயிற்சியாகிவிடுகிறது.

ஐக்ஹார்னின் பன்னிரண்டு பேருக்கோ, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பன்னிரண்டு பேர் இல்லை.