பூம்புகார்க் கடலில் மூழ்கிய கப்பல்: ஈயக்கட்டிகள் தரும் காலச்சான்று

பூம்புகார்க் கடலடி ஆய்வு என்றதும் சங்ககாலக் காவிரிப்பூம்பட்டினத்தையே நாம் எதிர்நோக்குகிறோம். அந்த எதிர்நோக்கு சில வேளைகளில் சான்றுகளை முந்திவிடுகிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தினர் அங்கு ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில் கண்டறிந்த கப்பல் சங்ககாலத்தது அன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியையோ அதற்குச் சற்றுப் பிந்திய காலத்தையோ சார்ந்தது. இம்முடிவுக்கு ஆதாரம் கப்பலின் மரம் அன்று, அதில் ஏற்றப்பட்ட ஈயக்கட்டிகளே.

மரத்தைச் சான்றாகக் கொள்ளும் மரபு குளிர்கடல் ஆய்வுகளில் வேரூன்றியது. 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய வாசா, 1961இல் பெரிதும் சிதையாத உடலோடு மேலே கொணரப்பட்டது. இதற்கு நீரின் குளிர்ச்சியை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. பால்டிக் கடலின் உவர்ப்புக் குறைவால் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு (பெயர் புழுவாயினும் அது சிப்பியினத்தது) அங்கு வாழ்வதில்லை. 1545இல் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்து மூழ்கிய மேரி ரோசில் சேற்றில் புதைந்த வலப்பக்கமே பெரிதும் எஞ்சியது. நீரில் வெளிப்பட்டிருந்த இடப்பக்கம் அழிந்தது. இலங்கையின் கொடவாயவில் 2003இல் மீனவர் வழித் தெரியவந்த கப்பல் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. அவ்வெப்பக் கடலிலும் சரக்கின் அடியில் மரத்துண்டுகள் எஞ்சியுள்ளன. எனவே குளிர்ச்சியினும் புதைவே முதன்மையானது எனலாம்.

காவிரி முகத்துவாரத்தை அடுத்த கலங்கல் நீரில் ஸ்கூபா கருவியுடன் இறங்குவோர், இவ்வாறு புதைந்தவற்றைக் கண்ணால் காண்பது அரிது. அந்த ஆழத்தில் இடைநிறுத்தமின்றி மேலேறுவதற்கு ஒரு முறைக்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே தங்க இயலும். இந்நிலையில் எழுத்துப் பொறித்த சரக்கு கிடைத்தது நற்பேறே.

கட்டிகளில் ‘டபிள்யூ. பிளாக்கெட்’ என்னும் முத்திரையும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் உள்ளன. பிளாக்கெட் குடும்பத்தார் வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை நடத்தியவர்கள். அக்குடும்பத்துச் சர் வால்டர் பிளாக்கெட் 1777இலேயே மறைந்தார். ஆகவே முத்திரை ஆளைக் குறிக்கவில்லை. வணிகக் குறியாகத் தொடர்ந்திருக்கிறது. பெயரைக் கொண்டு காலம் கணித்திருப்பின் பிழை நேர்ந்திருக்கும். ஆண்டும் கப்பல் மூழ்கிய காலத்தைச் சொல்லவில்லை; 1792க்கு முன் மூழ்கியிருக்க இயலாது என்பதை மட்டுமே சொல்கிறது.

ஈயம் ஆங்கில நாட்டினது என்பதால் கப்பலையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியினது எனக் கொள்வது எளிது. ஆனால் அதற்கு முத்திரை இடம் தரவில்லை. பூம்புகாருக்குத் தெற்கே அண்மையிலுள்ள தரங்கம்பாடி 1845 வரை டேனியர் துறைமுகமாக விளங்கியது. சுடுகுண்டு வார்க்கவும் பிறவற்றுக்கும் பயன்பட்ட ஈயம் எக்கொடியின்கீழும் பயணித்திருக்கலாம். கப்பலை அடையாளம் காண முயல்வோர் சென்னை ஆவணக் காப்பகத்தோடு, தரங்கம்பாடி ஆவணங்களைக் கொண்ட கோபன்ஹேகன் காப்பகத்தையும் நாட வேண்டும்.