கிரிப்டோ 'மிக்சர்' சேவைகள்: அந்தரங்கத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

பிட்காயின் என்றதும் "யாருக்கும் தெரியாமல் பணம் அனுப்பலாம்" என்பதுதான் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. நம் வங்கிக் கணக்கில் என்ன இருக்கிறது என்பது நமக்கும் வங்கிக்கும்தான் தெரியும். பிட்காயினிலோ 2009 ஜனவரியில் அது தொடங்கிய நாளிலிருந்து நடந்த ஒவ்வொரு பரிமாற்றமும் பிளாக்செயின் எனும் பொதுப் பேரேட்டில் பதிவாகியிருக்கிறது. இணையம் உள்ள எவரும் அதைத் திறந்து பார்க்கலாம். அங்கே பெயர் இருக்காது. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரி மட்டும்தான் இருக்கும். ஆனால் அந்த முகவரி இன்னாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதன் பழைய கணக்கு முழுவதும் தெரிந்துவிடும்.

அது தெரியவருவதும் பெரிய காரியமில்லை. எக்ஸ்சேஞ்சில் கணக்குத் தொடங்கும்போதே பான் கார்டு, ஆதார், செல்ஃபி எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறோம். ஒரு கடைக்காரருக்குப் பிட்காயினில் பணம் கொடுத்தால், அது எந்த முகவரியிலிருந்து வந்தது, அங்கே முன்பு எவ்வளவு வந்து போனது என்பதை அவரும் பார்த்துவிடலாம். நாம் மளிகைக் கடையில் பணம் கொடுக்கும்போது பாஸ்புக்கையும் சேர்த்து நீட்டுவதில்லையே!

ஆகவே அந்தரங்கம் வேண்டும் என்று ஒருவர் நினைப்பதே குற்ற எண்ணம் ஆகிவிடாது. 2025 ஜனவரியில் பிரான்சில் லெட்ஜர் என்ற கிரிப்டோ நிறுவனத்தின் இணை நிறுவனர் டேவிட் பாலான் வீட்டிலிருந்து கடத்தப்பட்டு, பணம் கேட்டு அவருடைய விரலே துண்டிக்கப்பட்டது. ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஊருக்குத் தெரிவதன் ஆபத்து இதுதான். எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புடெரின், உக்ரைனுக்கு நன்கொடை அனுப்ப மிக்சரைப் பயன்படுத்தியதாக 2022-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். தன்னை மறைக்க அல்ல, பெறுபவர்களைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கத்தான் என்பது அவர் சொன்ன காரணம்.

மிக்சர் என்ன செய்கிறது?

பெயரைக் கேட்டதும் டீக்கடைக் கண்ணாடி ஜாடி ஞாபகம் வந்தால் தவறில்லை. வேலையும் கிட்டத்தட்ட அதுதான். பலருடைய பிட்காயின்கள் ஒரே தொகுப்பில் கொட்டிக் கலக்கப்படுகின்றன. சிறிது நேரமோ சில நாட்களோ கழித்து, கமிஷன் போக மீதித் தொகைக்கு வேறு பிட்காயின்கள் நாம் தரும் புதிய முகவரிக்கு வந்து சேர்கின்றன. உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் இடையிலான தொடர்பு பேரேட்டில் தெரியாது.

பேரேட்டில்தான் தெரியாது. மிக்சரை நடத்துபவருக்குத் தெரியும். எந்த முகவரியிலிருந்து வாங்கினார், எந்த முகவரிக்குக் கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியாமல் இந்தத் தொழிலே நடக்காது. ஊர் முழுவதிடமிருந்தும் மறைக்க நினைத்த ரகசியத்தைப் பெயர், ஊர், முகம் எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவைக்கிறோம். கூடவே பணத்தையும் கொடுத்துவைக்கிறோம். அமானிதம் என்ற சொல்லின் பாரம் தெரிந்த நமக்கு, யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதுதான் இங்கே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு அவர் திருப்பித் தராவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? பிரபல மிக்சர்களைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களும் உண்டு. அங்கே போட்ட பணம் போட்டதுதான்.

"உங்கள் பெயர் வெளியே வராது" என்ற வாக்குறுதி

பெஸ்ட்மிக்சர் என்ற சேவை 2018 மே மாதம் தொடங்கியது. வாடிக்கையாளர்களின் அடையாளம் வெளியே தெரியாது என்று உறுதியளித்தது. ஒரே வருடத்தில் சுமார் 27,000 பிட்காயின்கள், அன்றைய மதிப்பில் 20 கோடி டாலர் அதன் வழியாகப் போனது. 2019 மே மாதம் நெதர்லாந்தின் நிதிக்குற்றப் புலனாய்வுத் துறையும் யூரோபோலும் லக்சம்பர்க் அதிகாரிகளும் சேர்ந்து அதை மூடினார்கள். நெதர்லாந்திலும் லக்சம்பர்க்கிலும் இருந்த ஆறு சர்வர்கள் கைப்பற்றப்பட்டன. அதன் பிறகுதான் வாடிக்கையாளர்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் அந்தச் சேவையில் நடந்தவை பற்றிய விவரங்கள் அதிகாரிகள் கையில் சேர்ந்திருந்தன. ஐ.பி. முகவரிகள், பரிமாற்ற விவரங்கள், பிட்காயின் முகவரிகள், வாடிக்கையாளர்கள் அனுப்பிய சாட் செய்திகள் வரை இருந்தன. அதில் தவறு எதுவும் செய்யாமல், தன் இருப்பு பிறருக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் நினைத்துப் போனவரின் பெயரும் அதே பட்டியலில்தான் இருக்கும்.

2023 மார்ச்சில் சிப்மிக்சர் முறை வந்தது. நான்கு சர்வர்கள், 7 டெராபைட் தகவல், அப்போது அதன் வசம் இருந்த 1,909 பிட்காயின்கள் எல்லாம் பறிமுதல் ஆயின. அந்தப் பிட்காயின்களின் மதிப்பு சுமார் 4.4 கோடி யூரோ. அதில் ஒருவருடைய நேர்மையான சேமிப்பு இருந்திருந்தால், அதைக் கேட்டுக் காவல்துறையின் கதவைத் தட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழி ஏது?

ஹெலிக்ஸ் என்ற மிக்சரின் கதை வேறு மாதிரி. அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த லேரி ஹார்மன் 2014 முதல் 2017 வரை அதை நடத்தினார். சுமார் மூன்றரை லட்சம் பிட்காயின்கள் அதன் வழியே போயின. 2020-இல் அவர் கைதானபோது அவருடைய பிட்காயின்கள் இருந்த கருவியை அரசு கைப்பற்றியது. ஆனால் அந்த வாலட்டை மீட்டெடுக்கும் வழி அவருடைய சகோதரர் கேரிக்குத் தெரிந்திருந்தது. கருவி அரசிடம் இருக்க, 712-க்கும் மேற்பட்ட பிட்காயின்களை அவர் வெளியே எடுத்துவிட்டார். எடுத்ததை மறைக்க வேறு இரண்டு மிக்சர்களில் போட்டும் பார்த்தார். அப்படியும் பிடிபட்டு 2023-இல் நான்கு வருடம் மூன்று மாதம் சிறைத் தண்டனை பெற்றார்.

பிட்காயின் ஃபாக் 2011 முதல் பத்து வருடம் ஓடியது. 12 லட்சம் பிட்காயின்கள் அதில் புழங்கின. அதை நடத்தியதாக ரஷ்ய-சுவீடிஷ் குடியுரிமை கொண்ட ரோமன் ஸ்டெர்லிங்கோவ் 2021-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். தான் அதை நடத்தவில்லை என்று அவர் கடைசி வரை மறுத்தார். 2011-இல் அந்தத் தளத்தின் பெயரைப் பதிவு செய்யக் கொடுத்த பணத்தின் தடம் அவருடைய எக்ஸ்சேஞ்ச் கணக்கில்தான் போய் முடிகிறது என்பது அரசுத் தரப்பின் வாதங்களில் ஒன்று. ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 2024 நவம்பரில் பன்னிரண்டரை வருடத் தண்டனை விதிக்கப்பட்டது. பேரேடு அழிவதில்லை. இன்று கண்டுபிடிக்க முடியாததைப் பத்து வருடம் கழித்து வரும் கருவி கண்டுபிடித்துவிடலாம்.

ஆளே இல்லாத மிக்சர்

"நடத்துபவரை நம்ப வேண்டியிருப்பதுதானே பிரச்சினை? நடத்துபவரே இல்லாமல் செய்தால்?" என்ற யோசனையில் 2019-இல் எத்தீரியத்தில் வந்தது டொர்னாடோ கேஷ். இதில் பணம் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்டிடம், அதாவது தானாக இயங்கும் ஒரு நிரலிடம் போகிறது. 0.1, 1, 10, 100 ஈதர் என்று குறிப்பிட்ட அளவுகளில்தான் போட முடியும். போட்டதற்கு ஒரு ரகசியக் குறிப்பு கிடைக்கும். அதை வைத்திருப்பவர், எந்த வைப்புத் தொகை தன்னுடையது என்று காட்டாமலேயே வேறு முகவரியில் எடுத்துக்கொள்ளலாம். பணத்தோடு ஓடிப்போக இங்கே ஆள் இல்லை. திறமையான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இருந்தும் நம்பிக்கைப் பிரச்சினை ஒழியவில்லை, இடம்தான் மாறியது. நிரலை அடைய ஒரு இணையப் பக்கம் வேண்டுமே! அதன் ஒரு முகப்புப் பக்கத்தில் யாரோ தீய நிரல்வரிகளைச் சேர்த்திருந்ததும், பயனாளர்களின் ரகசியக் குறிப்புகள் அதன் வழியே வெளியே கசிந்ததும் 2024 பிப்ரவரியில் தெரியவந்தது. குறிப்பு யார் கையில் இருக்கிறதோ பணமும் அவருடையது.

கூட்டத்தின் அளவும் முக்கியம். ஜும்ஆ முடிந்து ஆயிரம் பேர் வெளியேறும்போது யார் எந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார் என்று சொல்வது கடினம். சுப்ஹுக்கு வந்தது ஆறு பேர் என்றால் சொல்லிவிடலாம். மிக்சரும் அப்படித்தான். சிலர் மட்டுமே பயன்படுத்தும் நேரத்தில் உள்ளே போன தொகையையும் வெளியே வந்த நேரத்தையும் பொருத்திப் பார்த்தே ஆளை ஊகித்துவிடுகிறார்கள்.

யாருடைய பணத்தோடு கலக்கிறோம்?

2022 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்க நிதித்துறை டொர்னாடோ கேஷைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. வட கொரியாவின் லாசரஸ் என்ற திருட்டுக் கும்பல் அதைப் பயன்படுத்தியது முக்கியக் காரணம். அடுத்த சில நாட்களில் யாரோ ஒருவர் விளையாட்டாக, டொர்னாடோவிலிருந்து தலா 0.1 ஈதரைத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன் உள்ளிட்ட பிரபலங்களின் முகவரிகளுக்கு அனுப்பினார். கேட்காமல் வந்த பணத்தை வேண்டாம் என்று தடுக்க கிரிப்டோவில் வழியில்லை. தடை செய்யப்பட்ட இடத்திலிருந்து பணம் பெற்றவர்கள் ஆகிவிட்டார்கள்! இத்தகையவர்கள் மீது நடவடிக்கை எடுப்பது தங்கள் முன்னுரிமை அல்ல என்று அமெரிக்க அரசே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பிரபலங்களுக்கு விளக்கம் கிடைத்தது. சாதாரண ஒருவரின் கணக்கை எக்ஸ்சேஞ்ச் முடக்கினால் அவருக்கு யார் விளக்கம் சொல்வது?

இந்தியர்களுக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவு போனது. பல குடும்பங்களின் சேமிப்பு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. திருடப்பட்ட ஈதர் பகுதி பகுதியாக டொர்னாடோ கேஷுக்குள் போனதைப் பேரேட்டில் உலகமே பார்த்தது. பார்க்க மட்டுமே முடிந்தது. வட கொரியாதான் இதைச் செய்தது என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் கூட்டாக அறிவித்தன. அந்த வாரங்களில் ஒருவர் தன் நியாயமான அந்தரங்கத்துக்காக அங்கே பணம் போட்டிருந்தால், அந்தக் களவுப் பணம் மறைவதற்குத் தேவையான கூட்டத்தில் அவரும் ஒருவராக நின்றிருப்பார். தெரிந்து செய்த குற்றம் அல்ல, ஆனால் நம் மனம் அதை லேசாக எடுத்துக்கொள்ளாது என்றே நினைக்கிறோம்.

நிரலை எழுதியவர்கள் குற்றவாளிகளா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. அலெக்ஸி பெர்ட்செவ்வுக்கு நெதர்லாந்து நீதிமன்றம் 2024 மே மாதம் ஐந்து வருடம் நான்கு மாதம் தண்டனை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, யாராலும் மாற்ற முடியாத நிரலை ஒருவருடைய 'சொத்து' என்று கருதித் தடை செய்ய முடியாது என்றது. 2025 மார்ச்சில் தடை நீக்கப்பட்டது. ஆகஸ்டில் ரோமன் ஸ்டார்ம் உரிமமின்றிப் பணப் பரிமாற்றத் தொழில் நடத்தச் சதி செய்ததாகக் குற்றவாளி ஆனார். மற்ற இரண்டு குற்றச்சாட்டுகளில் ஜூரிக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை.

வீட்டில் யாராவது கிரிப்டோ வைத்திருந்தால்

இந்தியாவில் 2023 மார்ச் முதல் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அவை தெரிவித்தாக வேண்டும். மிக்சர் வழியாக வந்த நாணயம் என்று மென்பொருள் காட்டினால், "இது எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி வரும். துபாயில் 2023 விதிகளின்படி, தடம் தெரியாதபடி மறைக்கும் வகை நாணயங்களை வெளியிடவோ அவை சார்ந்து தொழில் செய்யவோ அனுமதி இல்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மிக்சரால் வரும் இன்னொரு நஷ்டம் பலர் கவனிக்காதது. கிரிப்டோ லாபத்துக்கு இங்கே 30 சதவீத வரி. எவ்வளவுக்கு வாங்கினோம் என்று காட்டினால்தான் லாபத்துக்கு மட்டும் வரி கணக்கிட முடியும். மிக்சரில் போட்டதும் வாங்கியதற்கும் விற்றதற்கும் இடையிலான சங்கிலியை நாமே அறுத்துவிடுகிறோம். பிறர் கண்ணிலிருந்து மறைப்பதாக நினைத்து நம் சொந்தச் சாட்சியத்தை அழிக்கிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பழகிய சமூகத்துக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இருப்பு பிறருக்குத் தெரிய வேண்டாம் என்பது மட்டும்தான் கவலை என்றால், ஒவ்வொரு வரவுக்கும் புதிய முகவரி பயன்படுத்துவதும், சேமிப்பு வாலட்டையும் செலவு வாலட்டையும் தனியாக வைப்பதும், வாலட் முகவரியைச் சமூக ஊடகத்தில் போடாமல் இருப்பதும் பெருமளவு போதும். "உங்கள் காயினைச் சுத்தம் செய்து தருகிறோம்", "இந்தத் தொகையை வாங்கி மிக்சரில் போட்டு அனுப்பினால் கமிஷன்" என்று டெலிகிராமில் வரும் அழைப்புகளுக்குப் பதிலே அனுப்ப வேண்டாம். இரண்டாவது வகை, கல்லூரிப் பிள்ளைகளைக் களவுப் பணத்தின் சுமைதூக்கிகளாக ஆக்குவது.

ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்திவிட்டவர்கள் பதற வேண்டாம். வாங்கிய ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, மிக்சரில் போட்ட தேதி, எடுத்த தேதி, ரசீதுக் குறிப்பு எதையும் அழிக்காமல் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். எக்ஸ்சேஞ்சோ வரித்துறையோ கேட்பதற்கு முன்பே, கிரிப்டோ கணக்கு பார்த்துப் பழகிய ஆடிட்டர் ஒருவரிடம் அவற்றைக் காட்டிவிடுங்கள்.