மறைந்த மன்னருக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கிக்கிட்டு இருந்தோம். நம்ம தொண்டர் தம்பி ஒருத்தர் போன்ல ஒரு பழைய வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தார். 2022 செப்டம்பர்ல எலிசபெத் மகாராணி மறைந்தப்ப லண்டன்ல ஜனங்க நின்ன வரிசை. தம்பி சிரிச்சுக்கிட்டே கேட்டார்: “அண்ணே, பத்து மணி நேரம், இருபது மணி நேரம் நின்னு ஒரு பெட்டியைப் பார்த்துட்டு வர்றதுல என்ன இருக்கு? போனவங்களுக்கு அது தெரியவா போகுது?”

அப்ப என்னால பதில் சொல்ல முடியல. வெங்காயம் நறுக்கினதால கண்ணுல தண்ணி வருதுன்னு மத்தவங்க நினைச்சுக்கிட்டாங்க. உண்மையில என் அப்பா ஞாபகம் வந்துடுச்சு. அதான் இந்தப் பதிவு.

2010 ஜனவரி

நம்ம ஜொகூர் மன்னர், மாட்சிமை தங்கிய சுல்தான் இஸ்கந்தார் அவர்கள் மறைந்தது 2010 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை மாலை. 1981-லிருந்து ஜொகூர் சுல்தான். நடுவுல 1984 முதல் 1989 வரைக்கும் நாட்டோட 8-ஆவது மாமன்னர். மறுநாள் சனிக்கிழமை அவருடைய உடல் இஸ்தானா பெசார்ல வைக்கப்பட்டது. எல்லா இனத்து மக்களும் ஆயிரக்கணக்குல போய் இறுதி மரியாதை செஞ்சாங்க. பிறகு மஹ்மூடியா அரச கல்லறையில நல்லடக்கம். இப்ப நம்ம மாமன்னரா இருக்கிற சுல்தான் இப்ராஹிம் அவருடைய மகன்தான்.

அந்த வருஷம் தைப்பூசம் ஜனவரி 30. சரியா ஒரு வாரம்தான் இருந்தது. நான் பால் காவடிக்கு விரதம் இருந்தேன். வெள்ளிக்கிழமை எனக்கு நைட் ஷிப்ட். செய்தி வந்ததும் என் கூட வேலை செஞ்ச மலாய் நண்பர்கள் அமைதியாயிட்டாங்க. மன்னர் இறந்தா மலாய்க்காரங்க “மெனிங்கால்”னு சொல்ல மாட்டாங்க, “மங்கட்”னு தனியா ஒரு சொல் இருக்கு. அந்தச் சொல்லை அன்னிக்கு ராத்திரி எத்தனை தடவை கேட்டேன்னு எனக்கே தெரியாது.

காலையில வீட்டுக்கு வந்தா, அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கார். “இஸ்தானாவுக்குக் கூட்டிட்டுப் போடா”ன்னார்.

நான் சொன்னேன்: “அப்பா, நான் விரதத்துல இருக்கேன். சாவு வீட்டுக்கு வரக்கூடாது. அதோட அங்க கூட்டம் நெரியும். மணிக்கணக்குல நிக்கணும், உங்க முட்டிக்கு ஆகாது.”

அப்பா ஒண்ணும் பேசல. நான் குளிச்சுட்டுப் படுத்துட்டேன். மத்தியானம் எழுந்தா ஆள் இல்ல. பஸ் ஏறித் தனியா போயிட்டார்.

சாயங்காலம் வந்தார். வெளிக்குழாயில தண்ணி ஊத்திக்கிட்டு, ஈரத்துணியோட உள்ளே வந்தார். “பார்த்தீங்களா?”ன்னு கேட்டேன். “கும்பிட்டுட்டு வந்தேன்”ன்னார். அவ்வளவுதான். ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு இருந்தார்.

1959-லேயே நின்னவர்

அப்பா பால் மரம் வெட்டினவர். வாலிப வயசுல தோட்டத்து ஆளுங்களோட லோரியில ஏறி ஜொகூர் பாருவுக்கு வந்து, ரோட்டோரம் நின்னு சுல்தான் இப்ராஹிம் அவர்களோட ஊர்வலத்தைப் பார்த்தவர். இப்ப இருக்கிற மாமன்னரோட கொள்ளுத்தாத்தா அவர். 1895-லிருந்து 1959 வரைக்கும் 64 வருஷம் ஆட்சி செஞ்சவர்.

இங்க ஒரு வரலாற்றுச் செய்தி சொல்லணும். சுல்தான் இப்ராஹிம் மறைந்தது இங்க இல்ல. 1959 மே 8-ல லண்டன்ல மறைந்தார். உடலைக் கப்பல்ல கொண்டு வந்து ஜூன் மாசம்தான் அடக்கம் செஞ்சாங்க. அவருடைய தந்தை, நவீன ஜொகூரை உருவாக்கின சுல்தான் அபு பக்கார் அவர்களும் லண்டன்லதான் மறைந்தார், 1895 ஜூன் 4. அவரைக் கொண்டு வந்து செப்டம்பர் மாசம் மஹ்மூடியாவுல அடக்கம் செஞ்சாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் தடவை மூணு மாசம். ரெண்டாவது தடவை ஒரு மாசம். ராஜா கடல் தாண்டி வர்ற வரைக்கும் ஜொகூர் மக்கள் காத்துக்கிட்டு இருந்தாங்க. லண்டன் வரிசை 24 மணி நேரம்னு நாம ஆச்சரியப்படுறோம்!

அந்தக் காலத்துல நம்மவங்க எதுக்கு நின்னாங்க? ராஜாவை நேர்ல பார்த்தவங்க கூட கிடையாது. தோட்டத்துல ஆறு மணிக்குப் பெரட்டு, மத்தியானம் பால் நிறுவை. அவ்வளவுதான் வாழ்க்கை. ஆனா கோவில் நம்மகிட்ட இருந்தது. 1911-ல ஆரம்பிச்ச நம்ம ராஜமாரியம்மன் கோவில், 1922-ல சின்னக் குடிசையா இருந்து இன்னிக்குக் கண்ணாடிக் கோவிலா ஜொலிக்கிற ராஜகாளியம்மன் கோவில், ரெண்டுமே சுல்தான் கொடுத்த நிலம்னு நம்ம பெரியவங்க சொல்லி வந்திருக்காங்க. அம்மன் பேருக்கு முன்னாடி “ராஜ”ன்னு வந்ததும் அதனாலதான்னு சொல்வாங்க. தினமும் அர்ச்சனையில அந்தப் பேரைச் சொல்றோம். எத்தனை பேர் யோசிச்சுப் பார்த்தோம்?

மத்த ஊர் வரிசைகள்

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துல மகாராணிக்கு அஞ்சலி செலுத்தினவங்க சுமார் 2 லட்சத்து 50 ஆயிரம் பேர். தேம்ஸ் நதிக்கரையிலேயே வரிசை மைல் கணக்குல போச்சு. கையில பட்டை கட்டி விட்டாங்க. ராத்திரி குளிர்ல நின்னு நூத்துக்கணக்கானவங்களுக்கு முதலுதவி கொடுக்க வேண்டியதாச்சு. பந்து விளையாட்டு வீரர் டேவிட் பெக்காம் பொது வரிசையிலேயே 12 மணி நேரத்துக்கு மேல நின்னார். ஆனா இந்தப் பழக்கம் அங்கயும் ரொம்பப் பழசு கிடையாது. அந்த மண்டபத்துல முதன்முதலா ஒரு மன்னரோட உடலை மக்கள் பார்வைக்கு வெச்சது 1910-ல, ஏழாம் எட்வர்டுக்கு.

பக்கத்துல தாய்லாந்து. மன்னர் பூமிபோல் 2016 அக்டோபர்ல மறைந்தார். தகனம் ஒரு வருஷம் கழிச்சு, 2017 அக்டோபர்ல. அதுவரைக்கும் அரண்மனைக்கு வந்து கும்பிட்டவங்க 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்ல லீ குவான் இயூ. அவர் மன்னர் இல்ல, ஆனா 2015 மார்ச்ல நாலு நாள்ல சுமார் 4 லட்சத்து 50 ஆயிரம் பேர் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போனாங்க. எட்டு மணி, பத்து மணி நேரம் நின்னாங்க. நம்ம ஊர்லேர்ந்து தினமும் அங்க வேலைக்குப் போறவங்க சிலர் வேலை முடிஞ்சு அப்படியே வரிசையில நின்னுட்டு விடியற்காலையில திரும்பினதா எங்கிட்ட சொல்லியிருக்காங்க.

இதுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. 1969 பிப்ரவரியில அறிஞர் அண்ணாவுக்கு அஞ்சலி செலுத்த ரயில் கூரை மேல ஏறிப் போனவங்க பாலத்துல அடிபட்டு இறந்து போனாங்க. மரியாதை செய்யப் போய் உயிரை விடுறதை எந்தச் சாமியும் கேட்கல, எந்த ராஜாவும் கேட்கல.

நம்ம முன்னோர் என்ன செஞ்சாங்க?

சாவுக்கும் கோவிலுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நாம நினைக்கிறோம். தமிழர் வரலாறு அப்படிச் சொல்லல.

போர்ல இறந்த வீரனுக்கு நடுகல் நட்டவங்க நாம. தொல்காப்பியத்துலேயே அதுக்கு ஆறு கட்டம் சொல்லியிருக்கு. கல்லைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறதுல ஆரம்பிச்சு, கொண்டு வந்து, நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்துறது வரைக்கும்.

சோழர் காலத்துல இன்னும் ஒரு படி மேல. “பள்ளிப்படை”ன்னு ஒரு சொல் இருக்கு. இறந்த மன்னர் நினைவா, அவரை அடக்கம் செஞ்ச இடத்துல சிவலிங்கம் வெச்சுக் கட்டின கோவில். முதலாம் ஆதித்த சோழருக்குக் காளஹஸ்தி பக்கத்துல அவர் மகன் பராந்தகன் கட்டினார். தாத்தா அரிஞ்சயருக்கு வேலூர் பக்கம் மேல்பாடியில ராஜராஜ சோழர் கட்டினார். தஞ்சைப் பெரிய கோவில் கட்டின அதே ராஜராஜன்தான். அவர் மகன் ராஜேந்திரன், தன்னைப் பெத்தவங்களா இல்லாத, சிற்றன்னை முறையான பஞ்சவன் மாதேவிக்குக் கும்பகோணம் பக்கம் பழையாறையில கட்டினார். ஆயிரம் வருஷம் ஆச்சு, இன்னும் அங்க பூஜை நடக்குது.

பெரிய பெரிய போர்ல ஜெயிச்ச ராஜா, சின்னம்மாவுக்காகக் கல் சுமக்க வெச்சு ஒரு கோவில் கட்டியிருக்கார். அதால அந்த அம்மாவுக்கு என்ன லாபம்னு யாராவது அவரைக் கேட்டிருப்பாங்களா?

அப்ப விரதம்?

இது என் மனசுல ரொம்ப வருஷமா கிடந்த முள்ளு. அப்பா போன பிறகு ஒரு நாள் நம்ம குருக்கள் ஐயாகிட்ட கேட்டேன். “ஐயா, அன்னிக்கு நான் விரதத்துல இருந்தேன். போகாதது சரிதானே?”

அவர் சொன்னது எனக்குப் புதுசு. மனு ஸ்மிருதி 5-ஆம் அத்தியாயத்துல தீட்டு பத்திச் சொல்ற இடத்துல, ஒரு ராஜா இறந்தா அவர் நாட்டுல குடியிருக்கிறவங்களுக்கும் தீட்டு உண்டாம். பகல்னா சூரிய வெளிச்சம் இருக்கிற வரைக்கும், ராத்திரின்னா நட்சத்திர வெளிச்சம் இருக்கிற வரைக்கும். அந்த நூல்ல உள்ள பல விஷயங்களை நான் ஏத்துக்க மாட்டேன், அது வேற. ஆனா இந்த ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. தீட்டுன்னா பங்காளிக்குத்தான் வரும். ராஜாவோட மண்ணுல வாழ்ந்தா நீயும் ஒரு நாள் பங்காளிதான்னு பழைய காலத்துல நினைச்சிருக்காங்க. நீ சாவு வீட்டுக்குப் போகாம வீட்டுல படுத்திருந்தாலும் அது உனக்கு வந்தாச்சு!

பிறகு ஐயா சொன்னார்: “காவடி விரதத்துல உடல் பக்கத்துல போகாம இருக்கிறது நம்ம ஊர் வழக்கம். அதுல தப்பு இல்ல. ஆனா அப்பாவைக் கார்ல ஏத்திட்டுப் போய், அவர் உள்ளே போற வரைக்கும் வெளியே காத்திருக்க வேண்டாம்னு எந்த விரதமும் சொல்லலையே?”

எனக்கு வாயடைச்சுப் போச்சு. உண்மை என்னன்னா, எனக்கு அன்னிக்குத் தூக்கம். நைட் ஷிப்ட் முடிஞ்ச அலுப்பு. விரதத்தை முன்னாடி நிறுத்தி அதுக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சுக்கிட்டேன். முருகனுக்கு அது தெரியும். அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும். அதான் ஒண்ணும் பேசல.

அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தேன். அதே முட்டி வலியோட அப்பா என் பின்னாடியே நடந்து வந்தார்.

தம்பிக்கு என் பதில்

அப்பாகிட்ட பிறகு ஒரு தடவை கேட்டேன், “அந்த ராஜா நமக்கு என்னப்பா செஞ்சார், நீங்க அப்படிப் போய் நின்னீங்க?” அப்பா சொன்னார்: “லயத்துல ஒருத்தன் செத்தா, பேச்சுவார்த்தை இல்லாதவன் கூட வந்து வாசல்ல நிப்பான். என்ன செஞ்சான்னு கணக்குப் பார்த்தா வருவான்? நம்ம ஊர்ல ஒரு சாவு, போனேன். அவ்வளவுதான்.”

கல்யாணத்துக்குப் போகலைன்னாலும் சாவுக்குப் போகணும்னு நம்ம ஆளுங்க சொல்றது இதைத்தான்.

தம்பி, நீங்க கேட்டது சரியான கேள்வி. போனவங்களுக்குத் தெரியாது. பெட்டி முன்னாடி நிக்கிறது என்னவோ அரை நிமிஷம்தான். ஆனா மூலஸ்தானத்துலயும் நமக்குக் கிடைக்கிறது அரை நிமிஷம்தானே? அதுக்காக நாம தைப்பூசத்துக்கு விடிய விடிய நிக்கலையா? வரிசையில பக்கத்துல நிக்கிறவருக்குத் தண்ணி கொடுக்கிறோம், குழந்தையை வாங்கி வெச்சுக்கிறோம், பெரியவங்களை முன்னாடி விடுறோம். அங்க முதலாளியும் தொழிலாளியும் ஒரே அளவு நகர்றாங்க. நான் தொழிற்சாலையில முப்பது வருஷமா ஆளுங்களை மேய்க்கிறேன். ஒரே தரையில எல்லாரும் சமமா நிக்கிறதை நான் பார்த்தது ரெண்டே இடத்துல. கோவில் வரிசை, சாவு வீட்டு வரிசை.

அதுக்காக எல்லாரும் நின்னே ஆகணும்னு நான் சொல்லல. முடியாதவங்க, கைக்குழந்தைக்காரங்க, விரதத்துல உள்ளவங்க வீட்டுலேயே ஒரு விளக்கு ஏத்தினா போதும். யாரையும் “நீ போகலையா”ன்னு கேட்கவும் கூடாது. ஆனா போறவங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வீட்டுல ஒரு பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தா, கார் சாவியை எடுங்க. தூக்கத்தை நாளைக்குத் தூங்கிக்கலாம்.

இந்தத் தைப்பூசத்துக்கு நம்ம தண்ணீர்ப் பந்தல்ல, வரிசையில நிக்க முடியாத பெரியவங்களுக்காக நாற்காலி போடலாம்னு நம்ம தொண்டர்கள் பேசியிருக்கோம். அவங்களை முன்னாடி கூட்டிட்டுப் போக ஆள் வேணும். விருப்பம் உள்ளவங்க கோவில்ல வந்து பேர் கொடுங்க. என் பேரை முதல்ல எழுதியாச்சு. தம்பி பேரையும் நானே எழுதிட்டேன், கோவிச்சுக்காதீங்க தம்பி.

எல்லாரும் நல்லா இருக்கணும். அம்மன் துணை. 🙏