தீப்பெட்டியில் தடை, மளிகைக்கடையில் விற்பனை: எலி மருந்தின் கதை

1/ கடலூர் ஓ.டி., சிதம்பரம் பக்கம் அரிசிக்கடை, மளிகை, பேக்கரி வச்சிருக்கவங்களுக்கு எலித் தொல்லை புதுசு இல்ல. எங்க வார்டுக்கு எலியால வர்ற நோயும் வருது, எலி மருந்தால வர்ற சாவும் வருது. இந்த ரெண்டாவதுக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு. ஒரு த்ரெட்.

2/ 1896-ல் பம்பாயில் பிளேக். முதலில் பிடித்த இடம் மாண்ட்வி, துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குப் பகுதி. 1897-ல் ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டமே கொண்டு வந்தது. 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன், எலி மேல இருக்கிற தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புதுன்னு காட்டினார். கடைக்காரர் எதிரி எலி, ஊருக்கே எதிரி ஆச்சு.

3/ இப்போ இன்னொரு கதை. மஞ்சள் பாஸ்பரஸ். வெள்ளை பாஸ்பரஸ்னும் சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணுதான். 19-ம் நூற்றாண்டில் தீக்குச்சி செய்ய இதைத்தான் பயன்படுத்தினாங்க. தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகிப் போச்சு. 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. 1906-ல் பெர்ன் நகரில் சர்வதேச ஒப்பந்தம். 1913-ல் இந்தியாவிலும் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடைச் சட்டம்.

4/ தீப்பெட்டியை விட்டுப் போன விஷம் எலி பேஸ்ட் ட்யூபில் தங்கிடுச்சு. நம்ம ஊர் பெட்டிக்கடையில பிஸ்கட் பக்கத்துலயே தொங்கும், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கோபத்தில், கடன் தொல்லையில், பரீட்சை பயத்தில் கை எட்டின தூரத்தில் அது இருந்துச்சு.

5/ இதோட கொடுமை என்னன்னா, முதல் நாள் வாந்தி, வயித்து வலி. அப்புறம் ஓரிரு நாள் ஆள் நல்லா இருப்பார். "சரியாயிடுச்சு"ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் மஞ்சள் காமாலை, ரத்தக் கசிவு, கல்லீரல் செயலிழப்பு. மாற்று மருந்து கிடையாது. அதனால சாப்பிட்டது தெரிஞ்சா, அறிகுறி இல்லாட்டியும் உடனே 108. உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க.

6/ தமிழ்நாடு அரசு 3% மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்டை நிரந்தரமாகத் தடை செஞ்சிருக்கு. "தடை பண்ணா வேற வழி தேட மாட்டாங்களா?"ன்னு கேப்பீங்க. இலங்கையைப் பாருங்க. 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா நிறுத்தினாங்க. பத்தே வருஷத்தில் தற்கொலை விகிதம் பாதியாச்சு. அந்த ஒரு நிமிஷத்தில் கைக்கு எது கிடைக்குதுங்கறதுதான் உயிரைத் தீர்மானிக்குது.

7/ அப்போ எலிக்கு என்ன செய்ய? 1948-ல் அமெரிக்காவில் வார்ஃபரின் எலி மருந்தா வந்துச்சு. ரத்தம் உறையாம தடுக்கும். சில வருஷத்தில் அதையே மனுஷனுக்கு மருந்தாக்கினாங்க, இதய வால்வு மாத்தினவங்க இன்னைக்கும் சாப்பிடுறாங்க. இன்னைக்குக் கடையில கிடைக்கிற புரோமடியலோன் எலி கேக் அதே குடும்பம். இதுவும் விஷம்தான். ஆனா இதுக்கு வைட்டமின் கே என்ற மாற்று மருந்து இருக்கு.

8/ கிடங்குக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கடையிலயோ வீட்டிலயோ நீங்களா வைக்கவே வைக்காதீங்க. ஈரக் காத்து பட்டாலே பாஸ்பீன் வாயு வரும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டில் வச்ச எலி மருந்தோட நெடியில் ரெண்டு குழந்தைங்க இறந்தாங்க. நம்ம பக்கம் முன்னாடி கடை, பின்னாடி வீடு. நினைச்சுப் பாருங்க.

9/ விஷத்துக்கு முன்னாடி செய்ய வேண்டியது:
• சுண்டெலிக்கு பென்சில் நுழையுற ஓட்டை போதும். ஷட்டர் அடி, குழாய் நுழையுற இடம் எல்லாம் சிமெண்ட், கம்பிவலை வச்சு அடைங்க.
• மூட்டையைத் தரையில போடாம கட்டை மேல, சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்க.
• ராத்திரி சிந்தின தானியத்தைப் பெருக்கிட்டுக் கடையைப் பூட்டுங்க.
• பொறி வைங்க. நம்ம பக்க வயல்ல இருளர் மக்கள் விஷமே இல்லாம எலி பிடிச்சவங்கதானே.

10/ 2015 வெள்ளம் கடலூருக்கு மறக்காது. கடைக்குள்ள தண்ணி வந்தா வெறுங்காலோட இறங்காதீங்க, எலி மூத்திரம் கலந்த தண்ணியில் எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்புன்னா அரசு மருத்துவமனைக்கு வாங்க. சீக்கிரம் வந்தா சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே சரியாகும்.

11/ கடைக்கார அண்ணன்களுக்கு: பழைய பேஸ்ட் ஸ்டாக் மூலையில கிடந்தா விக்காதீங்க. நஷ்டம் சில நூறு ரூபாய்தான். மனசு சரியில்லாதவங்க 104-க்குக் கூப்பிடுங்க, பேச ஆள் இருக்காங்க.