கடுகண்ணாவ ஏற்றமும் மாமாவின் பென்ஸ் காரும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வருபவர்களுக்கு மாவனல்லையைக் கடந்ததும் மலை தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கப்டன் டோசன் என்ற பொறியியலாளர் அமைத்த பாதை அது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி விட்டிருக்கிறார்கள். 1829இல் இறந்துபோன டோசனுக்கு மலை உச்சியில் ஒரு நினைவுக் கோபுரமும் இருக்கிறது. வாகனங்களை எடைபோடும் தராசு அந்த ஏற்றம் என்று எங்கள் ஊர்ச் சாரதிகள் சொல்வார்கள்.

அந்த ஏற்றத்தில் நான் முதன்முதலாகப் பென்ஸ் கார் ஒன்றில் ஏறியது 1973ஆம் ஆண்டு. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. காரை ஓட்டியவர் என் தாய்மாமா. கண்டி திருகோணமலை வீதியில் தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் கடை வைத்திருந்தார். "மருமகன், இது ஓடுற கார் இல்ல, ஏறுற கார்" என்றார். உண்மைதான். எங்களை முந்திச் சென்ற இரண்டு பெற்றோல் கார்கள் பாறைக்கு அருகில் மூடியைத் திறந்துவைத்து ஆவி விட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் இரண்டாம் கியரில், பாரம் ஏற்றிய மாட்டு வண்டியின் நிதானத்தோடு, அவற்றைக் கடந்து போனோம்.

கண்டியில் எவரும் அந்தக் காரின் முழுப்பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பென்ஸ்தான். ஆகவே கதையையும் பென்ஸிலிருந்தே தொடங்கலாம்.

கார்ல் பென்ஸ் ஜேர்மனியின் மன்ஹைம் நகரத்தவர். 1886 ஜனவரி 29ஆம் திகதி தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமக் காப்புக் கோரி விண்ணப்பித்தார். வண்டியைச் செய்தவர் அவர். அது ஓடும் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவருடைய மனைவி பேர்த்தா. 1888 ஓகஸ்டில் ஒரு நாள், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். எரிபொருள் தீர்ந்தபோது ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தினார். பிரேக் தேய்ந்தபோது சப்பாத்துத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். மேடுகளில் மட்டும் அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. மகன்மார் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்து அவர் சொன்ன குறைகளில் ஒன்று, மலை ஏற இன்னொரு கியர் வேண்டும் என்பது. கடுகண்ணாவையில் மாமா போட்ட இரண்டாம் கியருக்கு நாங்கள் யாருக்கு நன்றி சொல்லவேண்டும் என்பது இப்போது வாசகருக்கு விளங்கும்.

மெர்சிடிஸ் என்ற பெயர் வேறொரு வழியால் வந்தது. கொட்லீப் டைம்லர் என்பவரின் நிறுவனம் பென்ஸின் போட்டி நிறுவனம். அதன் கார்களை வாங்கி ஐரோப்பியப் பணக்காரர்களுக்கு விற்றவர் எமில் ஜெலினெக். நீஸ் நகரில் வாழ்ந்த அவர், வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த புதிய காருக்குத் தம் மகளின் பெயரைச் சூட்டினார். 1901ஆம் ஆண்டு நீஸ் ஓட்டப் பந்தயங்களில் அந்தக் கார் வென்றது. பெயர் நிலைத்தது. 1926இல் இரண்டு நிறுவனங்களும் இணைந்தபோது டைம்லரின் மூன்று முனை நட்சத்திரமும் பென்ஸின் இலைமாலையும் ஒரே சின்னமாயின.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஜெலினெக்கின் தந்தை வியன்னாவில் புகழ்பெற்ற யூத மதகுரு. அந்த மதகுருவின் பேத்தி பெயரைத் தாங்கிய காரில் நின்றுதான் ஹிட்லர் ஊர்வலம் போனார். 1944இல் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தில் வேலை செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கட்டாயத் தொழிலாளர்கள், போர்க் கைதிகள், வதைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஒரு காரின் வரலாற்றை எழுதும்போது அதன் மினுக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவது பத்திரிகைக்காரனுக்கு அழகல்ல.

போருக்கு முன்பே, 1936இல், அந்த நிறுவனம் 260டி என்ற டீசல் காரை வெளியிட்டது. உலகின் முதல் டீசல் கார்களில் ஒன்று அது. வாடகைக் கார் ஓட்டுநர்கள் அதை விரும்பினார்கள். அந்த வழியில் 1958இல் வந்ததுதான் 190டி. மாமாவின் கார் இந்த இனம். 1,897 கனசென்ரிமீற்றர் என்ஜின், 50 குதிரைவலு. இன்று கண்டி நகரில் ஓடும் சிறிய அல்டோ காரின் வலுவும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் பென்ஸின் எடை ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல். வேகத்தை விரும்புகிறவர் அதை வாங்கியிருக்க மாட்டார்.

இலங்கையில் பென்ஸின் முகவர், 1939இல் தொடங்கப்பட்ட டீசல் அன்ட் மோட்டர் என்ஜினியரிங் கம்பனி. டிமோ என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மலையகத்தில் எங்கள் தலைமுறை நட்சத்திரத்தை முதலில் பார்த்தது காரில் அல்ல, லொறியில். இந்தியாவின் டாட்டா நிறுவனம் 1954 முதல் 1969 வரை டைம்லர் பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து லொறி செய்தது. டாட்டா வெளிநாட்டுக்கு முதன்முதலாக லொறி ஏற்றுமதி செய்தது 1961இல்; வந்து சேர்ந்த நாடு எங்கள் நாடு. கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு புசல்லாவைக்கும் றம்பொடைக்கும் ஏறி இறங்கிய அந்த டாட்டா பென்ஸ் லொறிகள்தாம், கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் இருந்த கராஜ்களுக்கு டீசல் வித்தையைக் கற்றுக்கொடுத்தன. பின்னாளில் பென்ஸ் கார்கள் உயிர் பிழைத்தது அந்த லொறிக் கராஜ்களின் கையில்தான் என்பது என் துணிபு.

பிழைக்கவேண்டிய தேவையும் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியதும் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரையான காலம் இன்னும் கடுமை. நாட்டுக்குள் இருந்த கார்தான் கார். ஆறுமாதக் குழந்தையைப் போல அதைப் பார்த்துக்கொண்டார்கள். 1972இல் காணிச் சீர்திருத்தம் வந்தது, 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். பியானோ, நாய், கார் என்று விற்றுவிட்டுப் போனார்கள். புசல்லாவைப் பக்கத்துத் துரை ஒருவரிடமிருந்து 1960ஆம் ஆண்டுப் பென்ஸை மாமா வாங்கியது அவ்வாறுதான். பெரிய துரையின் கார் வரும்போது வீதியோரம் இறங்கி நின்றவர்களின் பேரன் அவர். காரை வாங்கிய அன்று வேறெங்கும் போகவில்லை. கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு, நேரே அந்தத் தோட்டத்துக்குப் போய், லயத்தில் இருந்த தம் அத்தையை ஏற்றிக்கொண்டு பங்களா வரைக்கும் ஓட்டினார்.

இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து இருந்தது. 1958இல் அந்தச் சிங்கள எழுத்துக்குத் தமிழர்கள் தார் பூசியதும் அதன் விளைவுகளும் பலருக்கு நினைவிருக்கும். மாமா அதைப் பார்த்துச் சிரிப்பார். "துரை பூசல, நான் பூசினா பொலிஸ் விடுமா?" என்பார்.

அந்தக் காரை வைத்திருப்பது ஒரு பயிற்சி. சாவியைத் திருப்பினால் கிளம்பாது. ஒரு குமிழைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். என்ஜினுக்குள் நான்கு சூடேற்றிகள் பழுக்கும். முன்பலகையில் ஒரு சிறிய கம்பிச்சுருள் உண்டு. அது சிவந்தால் உள்ளே சூடேறிவிட்டது என்று பொருள். பிறகு குமிழை முழுதாக இழுக்கவேண்டும். மாமா இதற்கு முப்பது வரை எண்ணுவார். நுவரெலியாக் குளிரில் அறுபது. நான்கு சூடேற்றிகளும் ஒரே சரத்தில் கோத்த மணிகள். ஒன்று எரிந்துபோனால் நான்கும் அணையும். கண் சிவக்காது. விடியற்காலையில் நடுவழியில் இது நேர்ந்தால், கெட்டதைக் கண்டுபிடித்து ஒரு கம்பியால் பாலம் போட்டுவிட்டு மூன்றோடு வரவேண்டும். இந்த வித்தையை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் கட்டுகஸ்தோட்டைக் கராஜ் பாஸ். சிங்களவர். லொறியில் வளர்ந்த கை. காதை என்ஜினில் வைத்து நோயைச் சொல்வார்.

1983 ஜூலையில் கார் அந்த பாஸிடம் இருந்தது. எரிபொருள் பம்பைக் கழற்றிப் போட்டிருந்தார். 26ஆம் திகதி செவ்வாய்க்கிழமை கலவரம் கண்டிக்கு வந்தது. காசல் வீதியிலும் கொழும்பு வீதியிலும் திருகோணமலை வீதியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. மாமாவின் கடையும் கடன் பேரேடுகளும் அவற்றுள் அடங்கும். நான் அப்போது கொழும்பில். அந்த நாள்களைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை. கராஜுக்கும் ஒரு கூட்டம் வந்ததாம். பாஸ் முன்கூட்டியே நட்சத்திரத்தைக் கழற்றி, சக்கரங்களையும் எடுத்துவிட்டு, சாக்கைப் போர்த்தி, அதன்மேல் பழைய லொறி ரயர்களை அடுக்கியிருக்கிறார். யாருடையது என்று கேட்டதற்கு, தம்முடையது என்றாராம்.

அந்த ஒரு சொல்தான் பிறகு வினையாயிற்று. அகதி முகாமிலிருந்து வெளியே வந்த மாமாவின் காதில் அந்தச் செய்தி, பாஸ் காரைத் தன்னுடையது என்று சொல்கிறார் என்ற அளவில்தான் விழுந்தது. அதோடு 6,500 ரூபாய்க்கு ஒரு சிட்டையும் வந்தது. "என் காரைக் காப்பாத்தினதுக்குக் கூலியா?" என்று கொதித்தார். சிட்டையை நான் பார்த்தேன். பம்ப் திருத்தம், நான்கு ஊசிகள், கூலி, அவ்வளவே. காவலுக்கு ஒரு சதமும் போடப்படவில்லை. இதைச் சொன்னேன். எரிந்த கடையின் வாசலில் நின்ற மனிதருக்குச் சிட்டையை வாசித்துக் காட்டி என்ன பயன்? 1984இல் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்விட்டார்.

1985இல் கடிதம் வந்தது. காரை விற்றுப் பணத்தை அனுப்பு, அத்தையின் நகை அடகில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். கைமாற்றுப் படிவத்தில் தமிழில் கையொப்பமிட்டு, வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டு அனுப்பியிருந்தார். விற்க முயன்றேன். 1977க்குப் பிறகு யப்பானிய ரிக்கண்டிஷன் கார்கள் வந்து குவிந்திருந்தன. கிழட்டுப் பென்ஸுக்கு மதிப்பில்லை. ஊரை விட்டுப் போன தமிழனின் கார் என்றால் இன்னும் பாதி. வந்தவர்கள் கேட்ட உச்ச விலை 45,000 ரூபாய். உண்மையான பெறுமதி 70,000 ஆவது இருக்கும் என்று பாஸ் சொன்னார்.

நானே வாங்கினேன். 45,000 ரூபாய்க்கு.

என்னிடம் அவ்வளவுதான் இருந்தது என்பது உண்மை. வேறு எவருக்கும் கொடுக்க மனம் வரவில்லை என்பதும் உண்மை. மீதியைப் பிறகு அனுப்பலாம் என்று எண்ணியதும் உண்மை. அனுப்பவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. பிள்ளைகளின் படிப்பு வந்தது, வீட்டு வாடகை வந்தது. 1991இல் மாமா இறந்த செய்தி வந்தது.

அந்தக் காரோடு பதினெட்டு ஆண்டுகள் செய்தி திரட்டினேன். ஒருமுறை அமைச்சர் ஒருவரின் செய்தியாளர் கூட்டத்துக்குப் போனபோது, வாயில் பொலிஸ்காரர் விறைத்து நின்று காருக்கு சலூட் அடித்தார். உள்ளே இருந்து நான் இறங்கியதைப் பார்த்ததும் கையை மெதுவாகத் தொப்பிக்குக் கொண்டுபோய்த் தலையைச் சொறிந்துகொண்டார். மலைமழை வாசற்படிகளைத் தின்றது. தகடு ஒட்டினோம், மீண்டும் தின்றது. கிரேக்க நாட்டு வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் 240டி 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடி, 2004இல் ஜேர்மனியிலுள்ள பென்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது என்று வாசித்தபோது பாஸிடம் சொன்னேன். "அவருக்கு ரோட் நல்லம் மாத்தயா" என்றார். அதற்கு அடுத்த ஆண்டு அவரும் காலமானார்.

2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூஆர் அட்டை தந்தார்கள். அறுபது வயது தாண்டிய காருக்கும் எழுபது தாண்டிய எனக்கும் அது போதுமாக இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் கடுகண்ணாவையைத் தோற்கடித்தது. ஸ்ரீ இலக்கம், பழைய பென்ஸ் என்று தேடிக்கொண்டு ஆட்கள் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் சொன்ன தொகையை இங்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

2024 டிசெம்பரில் மாமாவின் மகன் கனடாவிலிருந்து வந்தான். 1983இல் அவனுக்கு ஒன்பது வயது. காருக்குள் ஏறி உட்கார்ந்து குமிழைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினான். இருபத்தைந்துக்கு அருகில் கண் சிவந்தது. என்ஜின் பிடித்துக்கொண்டது. சற்று நேரம் அதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, அணைத்துவிட்டு இறங்கினான்.

"அத்தான், அப்பாவுக்கு எவ்வளவு அனுப்பினீங்க?" என்றான்.

சொன்னேன். பாஸ் சொன்ன பெறுமதியையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு உள்ளே போய்ப் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தேன். மூன்று பெயர்கள்: துரை, மாமா, நான். அதனுள்ளே மடித்து வைத்திருந்த கைமாற்றுப் படிவத்தின் பிரதியில் மாமாவின் கையொப்பத்தை அவன் நெடுநேரம் பார்த்தான். தொலைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டான்.