பஞ்சம் வெட்டிய கால்வாய்

மயிலாப்பூரில் பறக்கும் ரயில் தூண்களுக்குக் கீழே கறுத்துக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடக்கிறோம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்த எட்டு கிலோமீட்டர், தாது வருஷப் பஞ்சத்தின்போது 1877–78இல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பசித்தவர்கள், பெயர் மட்டும் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது.

சும்மா சோறு போட்டால் சனங்கள் சோம்பிவிடுவார்கள் என்பது அரசின் கவலை. உடம்பில் தெம்புள்ளவன் மண் சுமந்தால்தான் நிவாரணம். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து கூலியையும் குறைத்தார்: ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓரணா. நாள் முழுக்க மண்வெட்டி பிடிப்பவனுக்கு இது எந்த மூலைக்கு?

சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடவில்லை. இந்த அளவில் உழைப்பவன் உடல் தாங்காது என்று வாதாடினார். அதே ஆண்டு கூலி உயர்ந்தது. அதற்குள் முகாம்களில் பலர் செத்திருந்தார்கள்.

அன்று நிவாரணத்துக்கு நிபந்தனையாக இருந்த வேலையை, 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கேட்டுப் பெறும் உரிமையாக்கியது. ஆனால் அது வந்தது கிராமங்களுக்குத்தான், மயிலாப்பூருக்கு இல்லை.