வேட்டைப் பல்

பொறியியல் வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடிப்பாளரின் பெயர்களைத் தேடிச் செல்வது வழக்கம். பற்சக்கரங்களுக்கு எத்தனை பற்கள் அமைத்தல் வேண்டும் என்ற வினாவைப் பொறுத்தவரை அத்தேடல் அதிகம் பயன் தருவதில்லை. பல்லின் வடிவத்தை 18 ஆம் நூற்றாண்டில் ஒயிலர் போன்ற கணித மேதைகள் ஆராய்ந்தனர். எண்ணிக்கை பற்றிய நுட்பமோ இங்கிலாந்தின் ஆலைத் தச்சரிடமிருந்தே நூலேறியது.

நீராலைகளிலும் காற்றாலைகளிலும் மரப்பற்களைப் பொருத்திய இத்தச்சர், 60 பற்களுடைய சக்கரத்தை 10 பற்களுடைய சிறுசக்கரத்தோடு இணைக்க விரும்பவில்லை. அவ்வாறு இணைப்பின், சிறுசக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் என்றென்றும் அதே ஆறு பற்களையே சந்திக்கும். ஒரு பல் சற்றே தடித்திருந்தாலும் அந்த ஆறும் முந்தித் தேயும். ஏனையவை புதியன போல நிற்கும். பெரிய சக்கரத்தில் ஒரு பல்லை மிகையாகச் சேர்த்து 61 ஆக்கினால் நிலைமை மாறிவிடுகின்றது. இரு எண்களுக்கும் பொதுக் காரணி இல்லாமையால், ஒரு பல் எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்த பின்னரே முதற் பல்லிடம் மீளும். தேய்வு யாவற்றுக்கும் பங்கிடப்படும். இம்மிகைப் பல்லையே அவர்கள் 'வேட்டைப் பல்' என்றனர். கேம்பிறிட்ஜ் பேராசிரியர் றொபேட் வில்லிஸ் 1841 இல் வெளியிட்ட பொறிமுறை நூலில் இதனை விளக்குகின்றார். வேகம் ஆறு மடங்கிலிருந்து 6.1 மடங்காவது மாவரைப்பவனுக்கு ஒரு பொருட்டன்று. மணிக்கூட்டின் முட்களுக்கோ அத்தகைய சலுகை இல்லை!

மோட்டார் வாகனம் இம்மரபை அப்படியே ஏற்றது. 1908 இல் வெளிவந்த ஃபோட் 'ரி' வண்டியின் பின்னச்சில் 40 பற்களும் 11 பற்களும் இணைந்தன. இலங்கை வீதிகளுக்கு நன்கு பழக்கமான மொறிஸ் மைனரின் வரலாறு இன்னும் தெளிவானது. 1956 இற்கு முந்திய வண்டிகள் சிலவற்றில் 43க்கு 8. 1956 இல் 41க்கு 9. 1962 இல் 38க்கு 9. இயந்திரத்தின் வலு கூடக்கூட விகிதம் குறைந்தது. ஆயினும் 36க்கு 9 என்ற நேரான நான்கு மடங்கை எவரும் தெரிவு செய்யவில்லை.

ஓசையைப் பொறுத்தவரை சற்று நிதானம் வேண்டும். ஒன்பது பற்களுடைய சிறுசக்கரம் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், செக்கனுக்கு 450 தடவை பல்லோடு பல் சேரும். அவ்வதிர்வெண்ணிலேயே பின்னச்சு முரலும். பொதுக் காரணியின்மை இச்சுருதியை மாற்றுவதில்லை. ஒரே பற்சோடிகளின் குறைகள் குறுகிய இடைவெளியில் மீண்டும் மீண்டும் ஒலித்துத் தேய்வாகப் பதிவதையே அது தடுக்கின்றது.

இதனை மீறவொண்ணா விதியாகக் கொள்வதும் பொருந்தாது. கடினமாக்கிய உருக்குப் பல்லொன்றில் பிசிர் இருப்பின், வேட்டைப் பல் முறையில் அது எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் கீறிவிடும். பொதுக் காரணியுடைய சோடிகளும் செய்யப்படுகின்றன. தொழிற்சாலையில் அவை ஒன்றோடொன்று ஓட்டித் தேய்த்துப் பொருத்தப்படுவதால், எந்தப் பல் எதனோடு சேரவேண்டும் என்பதற்குக் குறிகள் இடப்படும். அக்குறிகளைப் பொருட்படுத்தாது திருத்துநர் பூட்டிய பின்னச்சு, பற்கள் பழுதற்றிருப்பினும் ஊளையிடத் தொடங்கும்.